மேட் மேக்ஸ் (1979): திட்டும் கைதட்டலும் ஒரே இடத்திலிருந்து வந்த படம்

கேள்வி இதுதான்: ‘மேட் மேக்ஸ்’ வரிசையின் முதல் படம் 1979இல் ஆஸ்திரேலியாவில் சொற்பக் காசில் எடுத்த போலீஸ் ஆக்‌ஷன் படம். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், சில நாடுகள் தடையே போட்டன, ஆனால் வசூலில் கின்னஸ் புத்தகம் வரை போனது என்கிறார்கள். இதே வரிசையில் பின்னால் வந்த ‘ஃப்யூரி ரோடு’ பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. அன்றைய ரசிகர்கள் இதில் அப்படி என்னத்தைக் கண்டார்கள்?

கேள்வியில் இருக்கும் எல்லாமே உண்மை. திட்டியது உண்மை, தடை உண்மை, வசூலும் உண்மை. சப்பென்று இருப்பதிலும் தப்பில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைத் தூக்கி வைத்தவர்களையும் தூற்றியவர்களையும் உலுக்கியது ஒரே விஷயம்தான். திரையில் ஒரு வண்டி மோதினால் பார்க்கிறவர் உடம்பில் அது தைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும்.

படத்தின் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒரு டாக்டர். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சின்சில்லா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். வளைவே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும் சாலைகள், வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாத பையன்கள். இளவயதிலேயே சாலை விபத்துகளில் நண்பர்களைப் பறிகொடுத்தார். அப்புறம் மருத்துவம் படித்து, சிட்னியில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, அதே மாதிரிப் பையன்கள் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்குவதைத் தினமும் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் 1970ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,798 பேர். அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அப்போது மொத்த மக்கள்தொகையே சுமார் ஒன்றேகால் கோடிதான். அதே ஆண்டின் கடைசியில் விக்டோரியா மாநிலம், உலகத்திலேயே முதலாவதாக, சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. நிலைமை அந்த அளவுக்கு மோசம். தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலருக்கும் இப்படிச் செத்துப்போன ஒருவரையாவது தெரிந்திருக்கும். இந்தப் படம் அவர்கள் முன்னால்தான் ஓடியது.

மில்லர் 1971இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த சினிமா பயிற்சிப் பட்டறையில் பைரன் கென்னடியைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து முதலில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதன் பொருளே சினிமாவில் வரும் வன்முறைதான். ஆக, வன்முறையைத் திரையில் எப்படிக் காட்டுவது, காட்டினால் பார்க்கிறவருக்கு என்ன ஆகும் என்ற யோசனை ஆரம்பத்திலிருந்தே மில்லருக்கு இருந்தது. பெரிய படத்துக்குத் திரைக்கதை எழுதச் சேர்ந்துகொண்டவர் ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட் என்ற பத்திரிகையாளர். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற சாதாரண ஆட்கள், குறுக்கே புகுந்தவனை அடிக்கப் பாய்ந்ததை அவர் கவனித்திருந்தார். நாகரிகம் கழன்று விழ ஒரு டாங்க் பெட்ரோல் குறைந்தால் போதும் என்ற எண்ணம் கதைக்குள் வந்தது அப்படித்தான்.

பணத்துக்கு வருவோம். மொத்தச் செலவு மூன்றரை முதல் நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அந்தக் காலத்துக்கும் இது சின்னத் தொகைதான். அரசு நிதி வாங்கி நல்ல பெயரெடுக்கும் படங்கள், அதாவது பழைய காலத்துப் பள்ளிக்கூடம், பழைய காலத்துப் பண்ணை வீடு என்று மென்மையாக நகரும் படங்கள், அங்கே வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம் அது. இவர்கள் அரசிடம் போகவில்லை. தெரிந்தவர்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள். போதாத காசுக்கு மில்லர் அவசர நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். கென்னடி கார் ஓட்டினார், மில்லர் வைத்தியம் பார்த்தார். படத்துக்கான பணத்தில் ஒரு பங்கு அப்படிச் சம்பாதித்தது.

1977 கடைசியில் மெல்போர்னைச் சுற்றியுள்ள சாலைகளில் படப்பிடிப்பு. இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கைவசம் காசில்லாதது ஒவ்வொரு காட்சியிலும் தடம் விட்டிருக்கிறது.

கதை ஏன் ‘இன்னும் சில வருடங்களில்’ என்ற எழுத்தோடு ஆரம்பிக்கிறது? நிகழ்காலத்தில் வைத்தால் தெருவில் கூட்டம் வேண்டும், ஓடும் வண்டிகள் வேண்டும், நல்ல நிலையில் இருக்கும் கட்டடங்கள் வேண்டும். அதற்கெல்லாம் பணம் இல்லை. சீர்குலைந்துபோன எதிர்காலம் என்று வைத்துவிட்டால் இடிந்த கட்டடமும் ஆளில்லாத சாலையும் கதைக்கே பொருந்திவிடும். இன்றைக்கு உலகம் முழுக்க ‘மேட் மேக்ஸ் உலகம்’ என்று சொல்கிறோமே, அதன் விதை இங்கேதான் இருக்கிறது. தோல் உடை என்று பார்த்தால், நாயகன் மேக்ஸாக வரும் மெல் கிப்சனுக்கும் அவர் நண்பன் கூஸாக வரும் ஸ்டீவ் பிஸ்லிக்கும் மட்டும் அசல் தோல், மற்ற போலீஸ்காரர்களுக்கு எல்லாம் ரெக்ஸின். முதல் துரத்தலில் சுற்றிச் சுழன்று நொறுங்கும் வேன் மில்லருடைய சொந்த வண்டி. வில்லன் கும்பலாக நடித்தவர்களுக்கு விமான டிக்கெட் எடுக்க வழியில்லாமல், அவர்கள் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை, சுமார் 900 கிலோமீட்டர், பைக்கிலேயே வந்தார்கள். வந்து சேர்வதற்குள் நிஜமாகவே ஒரு கும்பலாக மாறியிருந்தார்கள். கும்பல் தலைவன் டோகட்டராக வரும் ஹியூ கீஸ்-பர்ன் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். அவர் நிற்பதையும் மற்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள், ஒத்திகையில் மட்டும் வருவதில்லை அது.

சாலையை மூட முறையான அனுமதி இல்லாமல்தான் ஆரம்பித்தார்கள். வாக்கி டாக்கி பயன்படுத்தினால் போலீஸ் அலைவரிசையில் கேட்டுவிடும் என்று அதையும் தவிர்த்தார்கள். மோதல் காட்சி முடிந்ததும் மில்லரும் கென்னடியும் தாங்களே துடைப்பம் எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைச் சாலையிலிருந்து பெருக்கினார்கள். நாள் போகப் போக விக்டோரியா மாநிலப் போலீஸாருக்கே இதில் ஆர்வம் வந்துவிட்டது. சாலையை மறித்துக் கொடுத்தார்கள், வண்டிகளுக்குத் துணையாக வந்தார்கள். போலீஸ் துறை உளுத்துப்போவதைச் சொல்லும் படத்துக்கு நிஜப் போலீஸ் நின்று காவல் காத்தது.

ஒரு ஷாட்டை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஓடும் பைக்கில் ஓட்டுபவரின் தோளுக்கு மேலிருந்து கேமரா பார்க்கிறது. கண்ணெதிரே ஸ்பீடோமீட்டர், அதற்கு மேலே சாலை. ஒளிப்பதிவாளர் டேவிட் எக்பி பின் சீட்டில் உட்கார்ந்து, கனமான கேமராவைக் கையில் பிடித்தபடி, மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தது அது. படத்தை வேகமாக ஓட்டும் வித்தை எதுவும் அதில் இல்லை. முள் ஏறுவதும் நிஜம், காற்றில் கேமரா நடுங்குவதும் நிஜம். பெரிய கம்பெனி எதுவும் தன் ஒளிப்பதிவாளரை அப்படி உட்கார வைக்காது, இன்ஷூரன்ஸ்காரர் முதல் நாளே நிறுத்திவிடுவார். அந்த ஷாட்டின் ருசி ஆபத்திலிருந்து வந்தது என்பதை நான் ஒளிக்க மாட்டேன். இப்படி எடுப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை. இன்றைக்கு யாரும் செய்யக் கூடாது.

படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே, மேக்ஸின் மனைவியாக நடிக்க வேண்டியிருந்த நடிகையும் சண்டைப் பயிற்சியாளர் கிரான்ட் பேஜும் போன பைக் விபத்தில் சிக்கி இருவருக்கும் எலும்பு முறிந்தது. அந்த வேடத்துக்கு ஜோஆன் சாமுவேல் வந்தது அதனால்தான். பாலத்தின் மேல் பைக்குகள் சிதறும் காட்சியில், கீழே விழுந்து சறுக்கும் ஒரு ஸ்டன்ட்காரரின் பின்தலையில் பின்னால் வரும் பைக் வந்து இடிக்கும். பார்த்த எல்லோரும் ‘ஆள் செத்திருப்பான்’ என்றே நினைத்தார்கள். அப்படி ஒரு வதந்தி பல வருடம் சுற்றியது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வதந்தி அவ்வளவு காலம் உயிரோடு இருந்ததே, அது ரசிகர்கள் இந்தப் படத்தை எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி. பொய் என்று தெரிந்தே பார்க்கிற சண்டைக் காட்சியில் நிஜமாகவே யாரோ செத்துவிட்டார் என்று நம்புவதற்கு மனசு தயாராக இருந்தது.

எடிட்டிங் நடந்தது வடக்கு மெல்போர்னில் ஒரு நண்பரின் ஃபிளாட்டில். கென்னடியின் அப்பா பொறியாளர், அவர் வீட்டிலேயே வடிவமைத்துக் கொடுத்த எடிட்டிங் மெஷின். மில்லர் சமையலறையில் படத்தை வெட்ட, கென்னடி கூடத்தில் ஒலியைக் கோத்தார். மாதக்கணக்கில் தான் செய்த ஒவ்வொரு தப்பையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த மில்லர், இது தேறாத படம் என்றே நினைத்திருந்தார். பிறகு பல பேட்டிகளில் அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சமையலறையில்தான் அவர் ஊமைப்பட காலத்து இலக்கணத்தைக் கற்றுக்கொண்டார். பஸ்டர் கீட்டன், ஹெரால்ட் லாய்ட் போன்றவர்கள் பேச்சே இல்லாமல் வேகத்தைப் படமாக்கினார்களே, அந்த வழி. வசனத்தை எடுத்துவிட்டாலும் முதல் பத்து நிமிடம் புரியும். மேக்ஸின் முகத்தையே அவர் காட்டுவதில்லை. பூட்ஸ், கையுறை, கறுப்புக் கண்ணாடி, இஞ்சினைத் தட்டிப் பார்க்கும் கை, அவ்வளவுதான். மற்ற போலீஸ்காரர்கள் கத்திக்கொண்டே துரத்தி ஒவ்வொருவராக நொறுங்க, இவர் மட்டும் ஓரமாகக் காத்திருக்கிறார். துரத்தல் முடிந்து எதிரியின் வண்டி வெடித்த பிறகுதான் முகம் தெரிகிறது. பார்த்தால் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன். அன்றைக்கு மெல் கிப்சன் யாரென்றே வெளியே யாருக்கும் தெரியாது.

இனி, இது போலீஸ் படம் என்கிறோமே, எந்த வகையில்? பிற்காலப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது மறந்தே போகும், மேக்ஸ் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர். எம்.எஃப்.பி. என்ற படை, பணமும் ஆளும் இல்லாமல் பாழடைந்த கட்டடத்தில் ஓடுகிறது. மேக்ஸின் நண்பன் கூஸ் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்துவருகிறான். சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை, வக்கீல்கள் வந்து அவனை அழைத்துப் போகிறார்கள். அந்த அறையில் கூஸ் அலறுகிறானே, அங்கேதான் படம் திரும்புகிறது. சட்டம் வேலை செய்யவில்லை என்ற பேச்சு எல்லாப் போலீஸ் படத்திலும் வரும். இதில் வித்தியாசம் என்னவென்றால், மேக்ஸ் வீராப்பு பேசுவதில்லை, வேலையை விட்டுவிட்டுப் போக நினைக்கிறார். இந்தச் சாலையில் இன்னும் கொஞ்ச நாள் ஓடினால் தானும் அவர்களில் ஒருவனாகிவிடுவேன், நெஞ்சில் குத்தியிருக்கும் வெண்கல பேட்ஜ் ஒன்றுதான் வித்தியாசம் என்று அதிகாரியிடம் பயந்து சொல்கிறார். அவரை வேலையில் பிடித்துவைக்கத் துறை காட்டும் ஆசைதான் அந்தக் கறுப்பு ஃபோர்டு கார். குடும்பம் சிதைந்த பிறகு, கடைசி இருபது நிமிட அளவில்தான் பழிவாங்கல் வருகிறது. ‘பழிவாங்கும் போலீஸ்காரன் படம்’ என்று போஸ்டர் பார்த்து வந்தவர்கள் பெரும்பாலான நேரம் பார்த்தது பயந்த போலீஸ்காரனை.

1979 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் வெளியானது. இளைஞர்கள் குவிந்தார்கள். உள்நாட்டில் மட்டும் 50 லட்சம் டாலருக்கு மேல் வசூல், அதாவது போட்ட பணத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அவர்களுக்கு இது எதிர்காலக் கதையாகவே தோன்றியிருக்காது என்பது என் கணிப்பு. தங்கள் ஊர்ச் சாலை, தங்கள் ஊர் ஃபோர்டு, ஹோல்டன் கார்கள், தங்கள் பேச்சு. வெளிநாட்டுப் படங்களில் மட்டும் பார்த்துவந்த கார் துரத்தல் அவர்கள் மொழியில், அவர்கள் மண்ணில் வந்துவிட்டது.

எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. ‘தி புல்லட்டின்’ பத்திரிகையில் ஃபிலிப் ஆடம்ஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பே, மரணத்தை ஆபாசமாக்கும் ஆபத்தான சரக்கு என்ற பொருளில் இருந்தது. ஹிட்லரின் ‘மெயின் காம்ப்’ எவ்வளவு மனசை உயர்த்துமோ அவ்வளவுதான் இதுவும் உயர்த்தும் என்கிற அளவுக்குக் கடுமையாக எழுதினார். ஆடம்ஸ் யாரோ ஓரத்தில் நின்று கல் எறிந்தவர் இல்லை. ஆஸ்திரேலிய சினிமாவுக்கு அரசு உதவி கிடைக்க 1960களின் கடைசியில் முன்னின்று பாடுபட்டவர்களில் ஒருவர். தன் நாட்டுச் சினிமா எழுந்து நிற்க வேண்டும் என்று உழைத்தவர், அது எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்துப் பதறினார். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். வன்முறையை ரசிக்கப் பழகும் கூட்டம் உருவாகிவிடுமோ என்ற பயம் நியாயமான பயம்தான்.

ஆனால் படத்தை நிதானமாகப் பார்த்தால் அவர் சொன்னதோடு ஒத்துப்போக முடியவில்லை. இதில் ரத்தம் எவ்வளவு குறைவாகக் காட்டப்படுகிறது தெரியுமா? மேக்ஸின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையில் ஓடுகிறாள். பின்னால் பைக்குகள். அடுத்து நாம் பார்ப்பது சாலையில் வந்து விழும் ஒரு குட்டி ஷூ. அவ்வளவுதான். உடல்கள் தூரத்தில், மேக்ஸ் ஓடிவந்து மண்டியிடும் இடத்தில், சின்னதாகத் தெரியும். கூஸ் எரிக்கப்பட்ட பிறகு மருத்துவமனையில், படுக்கைக்கு மேலே கூடாரம் போலத் துணி மூடியிருக்கிறது. கருகிய ஒரு கை நழுவி வெளியே வருகிறது. மேக்ஸ் துணியைத் தூக்கிப் பார்க்கிறார். அவர் பார்த்ததை நமக்குக் காட்டுவதில்லை, அவர் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். வெளியே வந்து, ‘அது கூஸ் இல்லை’ என்று மறுக்கும் இடம் வருகிறது. அவசரப் பிரிவில் துணியைத் தூக்கிப் பார்த்த உறவினர்களின் முகத்தை எத்தனையோ முறை பார்த்த ஒருவரால்தான் இதை இப்படி எடுக்க முடியும். பார்த்தவர்கள் பலர் ‘அந்தக் குழந்தையை நசுக்குவதைக் காட்டினார்களே’ என்று சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். காட்டவே இல்லை. மீதியை அவர்கள் மனசு வரைந்துகொண்டது. ஆடம்ஸ் போன்றவர்கள் கோபப்பட்டதும் இந்த இடங்களுக்காகத்தான், கைதட்டியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டதும் இதே இடங்களில்தான்.

நியூசிலாந்து படத்தைத் தடை செய்தது. கூஸ் வண்டிக்குள் சிக்கி எரியும் காட்சி, அங்கே ஒரு கும்பல் செய்த நிஜச் சம்பவத்தை அப்படியே நினைவுபடுத்தியது காரணம். இரண்டாம் பாகம் பெயர் வாங்கிய பிறகு 1983இல்தான் அங்கே வெளியானது. சுவீடனில் தடை நீங்கியது 2005இல்.

அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரிக் கொடுமை. ஆஸ்திரேலியர்கள் பேசும் ஆங்கிலம் தங்கள் ரசிகர்களுக்குப் புரியாது என்று விநியோகஸ்தர்கள் முடிவு செய்து, ஆங்கிலப் படத்துக்கே அமெரிக்க ஆங்கிலத்தில் டப்பிங் போட்டார்கள். பின்னால் ஹாலிவுட்டையே கலக்கப் போகும் மெல் கிப்சனுக்கும் வேறு குரல். கொச்சைச் சொற்களையும் மாற்றினார்கள். டப்பிங் படம் பார்த்துப் பழகிய நமக்கு இதன் விளைவு சொல்லாமலே தெரியும். உதடு ஒன்று சொல்ல, குரல் ஒன்று சொல்ல, நடிப்பு மரத்துப்போகும். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சனம் படத்தை அசிங்கம், கோர்வையில்லை என்று ஒதுக்கித் தள்ளியது. 1980இல் அங்கே பெரிய அளவில் பேசப்படாமல் போனது. அதனால்தான் இரண்டாம் பாகத்தை அமெரிக்காவில் ‘மேட் மேக்ஸ் 2’ என்று விற்க முடியாமல் ‘தி ரோடு வாரியர்’ என்று பெயர் மாற்றினார்கள். முதல் பாகத்தைப் பார்த்திருந்தால்தானே இரண்டு என்ற எண்ணுக்கு அர்த்தம்.

மற்ற நாடுகள் அப்படியில்லை. ஜப்பானில் கூட்டம் அலைமோதியது. மில்லர் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானில் அவரிடம், மேக்ஸ் எஜமானில்லாமல் அலையும் சாமுராய் என்றார்கள். பிரான்சில், குதிரைக்குப் பதில் சக்கரம் வைத்த வெஸ்டர்ன் என்றார்கள். ஸ்காண்டிநேவியாவில், தனியாகத் திரியும் வைக்கிங் வீரன் என்றார்கள். இவை எதையும் நினைத்து அவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் பாட்டி சொன்ன கதையை இதற்குள் பார்த்துக்கொண்டார்கள். வசனம் குறைவாக, கதை எலும்புக்கூடாக இருந்தது இதற்கு வசதியாகப் போயிற்று. அதன் பிறகுதான் மில்லர் புராணக் கதைகளின் அமைப்பைப் பற்றி ஆழமாகப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பாகத்தில் அது நன்றாகவே தெரியும். ரசிகர்கள் இயக்குநருக்கு அவர் படத்தைச் சொல்லிக் கொடுத்த அபூர்வமான சந்தர்ப்பம் இது.

உலக வசூல் 10 கோடி டாலரைத் தாண்டியது. போட்ட பணத்துக்கும் வந்த பணத்துக்கும் உள்ள விகிதத்தில் முதலிடம் என்று கின்னஸ் பதிவு செய்தது. 1999இல் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ வரும்வரை அந்த இடம் இதனுடையதுதான்.

சரி, உங்களுக்கு ஏன் சப்பென்று இருந்தது? ‘ஃப்யூரி ரோடு’ பார்த்துவிட்டு வருகிறவர் பாலைவனத்தை எதிர்பார்ப்பார். இதில் புல்வெளி இருக்கிறது, கடற்கரை இருக்கிறது, குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கக் கடை திறந்திருக்கிறது. உலகம் இன்னும் முழுசாக விழவில்லை, விழுந்துகொண்டிருக்கிறது. இது தெரியாமல் பார்த்தால் ஏமாற்றம்தான். தவிர, குறைகளும் நிறைய. மேக்ஸ் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகும் நடுப்பகுதி இழுக்கிறது. மனைவி ஜெஸ்ஸிக்கு எழுதப்பட்டது பாதிப் பாத்திரம். அவளுக்கென்று ஒரு விருப்பம், ஒரு கோபம் இருப்பதாகவே தெரியாது, கும்பல் தலைவனை முழங்காலால் உதைத்துவிட்டுத் தப்பும் ஒரே ஒரு இடத்தைத் தவிர. கும்பலில் யார் யார் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பாதிப்பேர் செத்துவிடுகிறார்கள். பின்னணி இசை பல இடங்களில் காட்சியை முந்திக்கொண்டு கத்துகிறது. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் வெளிச்சம் பொருந்தாத இடங்கள் எனக்கே நாலைந்து தெரியும். முதல் தடவை நானும் பாதியில் கவனம் சிதறித்தான் பார்த்தேன். எனக்கு அகப்பட்டது அமெரிக்க டப்பிங் பிரதி. சில வருடம் கழித்து ஆஸ்திரேலியக் குரல்களோடு பார்த்தபோது வேறு படம் பார்ப்பது போல இருந்தது. கூஸ் சிரிக்கும்போது அவன் நமக்கு நண்பனாகிறான், அதனால் துணியைத் தூக்கும் காட்சி வேலை செய்கிறது. குரலை மாற்றினால் அந்த நட்பே செத்துவிடும். ஆகவே மறுபடி பார்ப்பதானால் அசல் ஒலியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், கடைசிக் காட்சி. இத்தனை வருடம் கழித்தும் ரசிகர்கள் சண்டை போடுவது இதை வைத்துத்தான். கும்பலில் மிஞ்சிய ஒரு பையனின் கணுக்காலை, கவிழ்ந்து கிடக்கும் வண்டியோடு கைவிலங்கு போட்டு மேக்ஸ் பூட்டுகிறார். பெட்ரோல் சொட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் பற்றிக்கொள்ளும்படி நெருப்பும் வைத்தாகிவிட்டது. கையில் ஒரு ரம்பத்தைக் கொடுத்து, விலங்கை அறுக்கப் பத்து நிமிடம் ஆகும், கணுக்காலை அறுக்க ஐந்து நிமிடம் போதும் என்று கணக்குச் சொல்கிறார். ‘ஸா’ என்ற திகில் படத்தை எழுதிய லீ வானல் தங்களுக்கு விதை போட்டது இந்தக் காட்சி என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தியேட்டரில் இதற்குக் கைதட்டல் விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆடம்ஸ் பயந்ததும் அந்தக் கைதட்டலைத்தான்.

நீங்கள் மறுபடி பார்க்கும்போது அந்தப் பையனைப் பார்க்காமல் மேக்ஸைப் பாருங்கள். குரல் உயரவில்லை, கோபம்கூட இல்லை, டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவது போலச் சொல்லிவிட்டு நடக்கிறார். காரில் ஏறுகிறார். பின்னால் வெடிக்கிறது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, கண் இமைகூட அசைவதில்லை. அதிகாரியிடம் பயந்து சொன்னாரே, அந்த வெண்கல பேட்ஜ் இப்போது அவர் நெஞ்சில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. கார் போய்க்கொண்டே இருக்கிறது, எதிரே சாலை மட்டும்தான்.